பிளேடால் வெட்டிய கையெழுத்து

என் அலமாரியின் இரண்டாவது தட்டில், அமிலம் இல்லாத தாளுறைக்குள், ஒன்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாள்துண்டு இருக்கிறது. அதில் பழுப்பேறிய மையில் ஓர் ஆங்கிலக் கையெழுத்து. கிழக்கிந்தியக் கும்பெனியின் ரெசிடெண்டாக, அதாவது மன்னரிடம் கும்பெனி வைத்த பிரதிநிதியாக, 1801 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தஞ்சாவூரில் இருந்த வில்லியம் பிளாக்பர்னுடைய கையெழுத்து அது. பழைய கையெழுத்துகளைச் சேகரிப்பவர்களிடம் காட்டினால் பெரும்பாலோர் விலை கேட்பார்கள். சிலர் அசல்தானா என்று ஐயப்படுவார்கள். தாளின் மற்ற பகுதி எங்கே என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான்.

அதை வெட்டியது நான். 1981இல், என் இருபதாவது வயதில், அப்பா சவரம் செய்யும் பிளேடைப் பாதியாக உடைத்து எடுத்து வெட்டினேன்.

அப்போது நாங்கள் தஞ்சாவூர் மேல வீதியில் குடியிருந்தோம். அதற்கும் முன்பு, பள்ளி நாட்களில், சரஸ்வதி மகால் நூலகத்துக்கு எங்கள் வகுப்பை அழைத்துப் போனார்கள். கண்ணாடிப் பேழைக்குள் ஓர் ஆங்கிலப் புத்தகம் திறந்து வைக்கப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில் ஒரு கையெழுத்து. "மகாராஜா சரபோஜி தம் கையால் போட்டது" என்றார் ஆசிரியை. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த புத்தகங்களில் இரண்டாம் சரபோஜி தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைப்பார். அவர் கையெழுத்திட்ட புத்தகங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அரண்மனையில் அன்று எத்தனையோ பார்த்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் என் கண்ணுக்குள் நின்றது அந்த மைக்கோடு ஒன்றுதான். நான் நோட்டில் பெயர் எழுதுவது போலவே ஒரு மன்னர் புத்தகத்தின்மேல் கையை ஊன்றிப் பெயர் எழுதியிருக்கிறார். அந்தக் கை போய்விட்டது, அதன் அசைவு மட்டும் அங்கேயே இருக்கிறது.

கையெழுத்துப் பைத்தியம் அப்படித் தொற்றியது. ஆனால் சேகரிப்பது எப்படி என்று என் கைக்குக் கற்றுக்கொடுத்தது தபால்தலை. உறையிலிருந்து தலையைச் சுற்றி வெட்டி, கிண்ணத்து நீரில் ஊறவைத்து, பசை கரைந்ததும் உரித்து, நோட்டுக்குள் வைத்து அழுத்துவோம். உறை குப்பைக்குப் போகும். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவதுதான் சேகரிப்பு என்று நினைத்திருந்தேன்.

கீழவாசல் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை இருந்தது. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்த ஏதோ ஒரு வீட்டின் தாள்களைக் கடைக்காரர் சாக்கிலிருந்து கவிழ்த்துத் தராசில் வைத்துக்கொண்டிருந்தார். தடித்த, மரவட்டை நிறத் தாள்கள். "மராட்டி எழுத்து, பாப்பா. யாருக்கும் படிக்கத் தெரியாது. பொட்டலம் மடிக்கவும் வளையாது" என்றார். அவற்றுள் ஒன்றைத் திருப்பியபோது பின்பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்தது. நாலைந்து வரிகள், கீழே ஒரு கையெழுத்து, அதன் கீழே ரெசிடெண்ட் என்ற சொல். இரண்டு ரூபாய் கொடுத்து அந்த ஒரு தாளை மட்டும் வாங்கி வந்தேன். சாக்கில் மீதியிருந்தவற்றை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மராட்டி எழுத்துப் பக்கத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தேன். ஆங்கில வரிகள் விரைந்து எழுதிய எழுத்து, எனக்குப் பிடிபடவில்லை. கையெழுத்தும் அந்தப் பதவிப் பெயரும் மட்டும் தெளிவாக இருந்தன. அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் கீறி எடுத்தேன். தாளின் நடுவில் சின்னச் சன்னல் ஒன்று விழுந்தது. துண்டை மைதாப் பசை தடவி ஆல்பத்தில் ஒட்டினேன். சன்னல் விழுந்த தாளைச் செய்தித்தாள் அடுக்கில் செருகினேன். ஐப்பசியில், தீபாவளிக்காக வீடு துடைத்தபோது, அப்பா அந்த அடுக்கைத் தள்ளுவண்டிக்காரரிடம் எடை போட்டுவிட்டார்.

பிறகு வங்கியில் வேலை கிடைத்தது. முப்பத்தாறு ஆண்டுகள். அவற்றில் பெரும்பகுதி, காசோலையில் உள்ள கையொப்பத்தை மாதிரிக் கையொப்ப அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நாற்காலியில் கழிந்தது. என் சேகரிப்புக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைந்திருக்க முடியாது. புதிதாக வருபவர்கள் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பார்கள். உருவத்தை யாரும் பார்த்து வரைந்துவிடலாம். பார்க்க வேண்டியது ஓட்டத்தை. உண்மையான கையெழுத்து ஓடும் ஓட்டத்திலேயே தாளைத் தொடும், ஓடும் ஓட்டத்திலேயே தாளை விட்டு எழும். அதனால் அதன் தொடக்கமும் முடிவும் கூராக இருக்கும். பார்த்து வரைந்ததில் அவை மொட்டையாக இருக்கும். நடுவே, எங்கே போவது என்று பேனா நின்று யோசித்த இடங்களில் மை சற்றுத் திரண்டிருக்கும். அதே மனிதர் இட்ட இரண்டு கையெழுத்துகள் ஒருபோதும் அச்சு அசலாக ஒத்திருக்காது. அப்படி ஒத்திருந்தால்தான் எனக்கு அச்சம் வரும்.

பழைய தாளுக்கு இன்னும் சில சோதனைகள் உண்டு. ஒருமுறை சென்னையில் ஒரு வியாபாரி, 1820 முதல் 1827இல் இறக்கும் வரை மதராஸ் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ கையெழுத்திட்ட கடிதம் என்று ஒன்றைக் காட்டினார். தாள் அந்தக் காலத்துத் தாள்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நீர்க்குறியில் ஆலையின் பெயரும் ஆண்டும் தெரிந்தன. 1794க்குப் பிறகு இங்கிலாந்துத் தாள்களில் ஆண்டைப் பதிக்கும் வழக்கம் பரவியது. ஏற்றுமதியாகும் தாளுக்கு வரியைத் திரும்பப் பெற அது வேண்டியிருந்தது. நமக்கு அது பெரிய உபகாரம். ஆனால் பழைய தாள் கிடைப்பது அரிதல்ல. பழைய கணக்கு நோட்டுகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்தால் போதும். நான் மடிப்பைப் பார்த்தேன். கையெழுத்தின் வால் மடிப்பைக் கடக்கும் இடத்தில் மை கோட்டை விட்டுக் கசிந்து, நார்களுக்குள் ஊறியிருந்தது. எழுதி உலர்ந்த பிறகு மடித்திருந்தால் மை அப்படிப் பரவாது. மடித்து நெடுங்காலம் ஆன தாளில், நார் உடைந்த பிறகு எழுதினால்தான் பரவும். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் என் ஆல்பத்துத் துண்டை ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கையெழுத்து அசல். தொடக்கம் கூர், முடிவு கூர், இறகுப் பேனாவின் இரண்டு முனைகளும் அழுத்தத்தில் பிரிந்து போன தடம் இரண்டு இழைகளாகத் தெரிகிறது. ஆனால் தாளின் ஆண்டைச் சொல்லும் நீர்க்குறி இல்லை. தேதி இல்லை. யாருக்கு, எதற்கு என்பது இல்லை. ஒரு காசோலையிலிருந்து கையொப்பத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவந்து யாராவது கவுண்டரில் நீட்டினால் நான் என்ன செய்திருப்பேன்?

ஓய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே, அந்தக் காலத்தில் மராட்டியை விரைந்து எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தின் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். தஞ்சை மராட்டியர் அரசின் கணக்குகளும் கடிதங்களும் மனுக்களும் மூட்டை மூட்டையாக அந்த எழுத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. மோடி எழுதுபவர் முதலில் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தலைக்கோட்டை இழுத்துவிடுவார். பிறகு அந்தக் கொடியில் துணி உலர்த்துவது போல எழுத்துகளைத் தொங்கவிட்டுக்கொண்டே போவார். கூடியவரை பேனாவை எடுக்கமாட்டார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதை முன்னும் பின்னும் படித்துத்தான் பிரிக்க வேண்டும்.

எங்கள் வாத்தியார் எண்பதை நெருங்கியவர், தஞ்சாவூர் மராட்டிக் குடும்பத்துக்காரர். இரண்டாம் ஆண்டு, துணிச்சல் வந்து, ஆல்பத்தோடு அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையெழுத்தை ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. "பின்னால் ஏதோ தெரிகிறதே அம்மா" என்றார். ஆல்பத்துத் தாள் வழியாகக் கருமை மங்கலாகத் தெரிந்தது. ஈரத் துணியை ஒற்றி ஒற்றி, பசை இளகும்வரை பொறுத்து, அவரே பிரித்தெடுத்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பின்பக்கத்தில் இரண்டு மோடி வரிகளின் நடுத்துண்டுகள் இருந்தன. முப்பது ஆண்டுகளாகப் பசைக்குள் இருந்தும் கறுப்பு சற்றும் மங்கவில்லை. ஆங்கிலம் எழுதிய மை இரும்பு உப்பும் துவர்ப்பும் சேர்ந்தது. நம் ஊர்க் கடுக்காயும் அன்னபேதியும் கலந்த மையும் அதே இனம்தான். எழுதும்போது வெளிறியிருந்து, பிறகு கறுத்து, நூறாண்டில் பழுத்து, கடைசியில் தாளையே அரிக்கும். மோடி எழுதியது விளக்குக் கரி மை. கரிக்கு மூப்பில்லை.

வாத்தியார் இரண்டு வரிகளையும் விரலைத் தாளில் படாமல் நகர்த்தியபடி படித்தார். முதல் வரியில் ஓர் எழுத்தின் பாதி, பிறகு "பாயீ சாஹேப்." இரண்டாவது வரியில் "மோயீன்" என்ற சொல், அதற்கு மேல் ஒன்றரை எழுத்து.

பாயீ சாஹேப் என்பது அரண்மனைப் பெண்களின் பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொல். மோயீன் என்றால் நிரந்தரமாக வரும் படித்தொகை. வாத்தியார் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "மீதி எங்கே அம்மா?" என்றார்.

சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பெயர் இந்தப் பக்கம் இருந்திருக்கும்" என்று துண்டின் இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே பிளேடு போன கோடு மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அந்த இரண்டு சொற்களை வைத்து எனக்குத் தெரிந்தவரை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 1799 ஒப்பந்தத்தில் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கும்பெனியிடம் விட்டுவிட்டார். கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் அவருக்கு மிஞ்சின. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குத் தருவது என்று முடிவாயிற்று. அதன் பிறகு அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவர்களின் வாழ்வில் ரெசிடெண்டின் பேனாவுக்கு இருந்த கனம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு பாயீ சாஹேப் தம் படித்தொகை பற்றி எழுதியிருக்கிறார், அல்லது எழுதச் சொல்லியிருக்கிறார். நிறுத்திவிட்டார்களோ, குறைத்துவிட்டார்களோ, கணவர் இறந்த பிறகு தமக்கு மாற்றித் தரக் கேட்டாரோ. தாளைத் திருப்பி, அதன் முதுகில் பிளாக்பர்ன் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். கொடு என்று எழுதினாரா, கொடுக்காதே என்று எழுதினாரா? அந்த நான்கு வரிகளுக்குச் சரியாகக் கீழே அளவுகோலை வைத்து வெட்டியவள் நான்.

தஞ்சை அரசப் பெண்களின் பெயர்கள் சத்திரங்களில் நிலைத்திருக்கின்றன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சத்திரம் கட்டும் அளவுக்கு வசதி இல்லாத ஒருத்தியின் பெயர் இருந்திருக்கக்கூடிய இடம் ஒரு படித்தொகை மனுதான்.

இந்தப் பழக்கம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் கலக்கத்தையே தந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடிதங்களிலிருந்து கையெழுத்தை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது மதிப்பான பொழுதுபோக்கு. ஜார்ஜ் வாஷிங்டனின் தாள்களைப் பதிப்பிக்கும் பொறுப்பில் இருந்த ஜேரட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டன் தம் முதல் பதவியேற்புக்காகக் கைப்பட எழுதிப் பயன்படுத்தாமல் விட்ட நீண்ட வரைவைத் துண்டு துண்டாக வெட்டி, கையெழுத்து கேட்டு எழுதியவர்களுக்கு அனுப்பிவைத்தார். ஒரு வரலாற்றாசிரியரே அப்படிச் செய்தார். அந்தத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, என்ன எழுதியிருந்தது என்று அறிய அறிஞர்கள் இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது.

அவருக்குச் சற்று முந்தியவர் வில்லியம் ஸ்பிரேக் என்ற பாதிரியார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரின் கையெழுத்துகளையும் முதன்முதலில் முழுமையாகச் சேர்த்தவர் அவர். வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராட், வேண்டிய கடிதங்களை எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி தந்தார். நிபந்தனை ஒன்றே. எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி எழுதி அங்கே வைத்துவிட வேண்டும். அவர் அப்படியே செய்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த 56 பேரில் ஜார்ஜியாக்காரரான பட்டன் குவின்னெட்டின் கையெழுத்துதான் மிக அரியது. கையெழுத்திட்ட மறு ஆண்டே, 1777இல், துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு இறந்தார். 1927இல் அவர் கையெழுத்துள்ள ஒரு கடிதம் 51,000 டாலருக்குப் போனது. இப்படிப்பட்ட விலைகளும் பலரைப் பிளேடைக் கையில் எடுக்க வைத்திருக்கும்.

நம் பக்கத்திலும் இழப்புக்குக் குறைவில்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துக் காட்டிய, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் எழுதிக் குவித்திருந்த தாள்கள் மதுரையில் சில ரூபாய்க்கு ஏலம் போயின என்றும், அங்கிருந்த கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் பல மாதங்கள் அவற்றைக் கொண்டே அடுப்பு மூட்டினார், கோழி வாட்டினார் என்றும் கும்பெனி அதிகாரியாக இருந்த சர் வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். தப்பியவற்றை எலியட் தேடி எடுத்தார். அவை ஜி.யு. போப் வழியாக ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்குப் போயின. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சமையல்காரருக்கு நெருப்பு வேண்டியிருந்தது, தாளில் என்ன இருந்தது என்று அவர் அறிய வழியில்லை. நான் அலங்காரத்துக்காக வெட்டினேன், அதுவும் அரண்மனை நூலகத்தைப் பார்த்து மயங்கிய பிறகு.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இன்னோர் ஆவணம் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் தந்த ரகுநாத நாயக்கர், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குப் பொன்னோலையில் கடிதம் எழுதினார். கடிதம் தமிழில், கையொப்பம் தெலுங்கில். அந்தப் பொன்னில் கையொப்பத்தை மட்டும் யாராவது கத்தரித்து வைத்திருந்தால், தஞ்சை மன்னர் ஐரோப்பாவுக்குத் தெலுங்கில் எழுதினார் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு நாயக்க மன்னர் தமிழில் எழுதச் செய்து தம் மொழியில் ஒப்பமிட்டார் என்ற செய்தி, இரண்டும் ஒரே தகட்டில் இருப்பதால்தான் கிடைத்தது.

இப்போது என்னிடம் நாற்பத்து மூன்று ஆவணங்கள் இருக்கின்றன. எல்லாம் முழுத் தாள்கள். கிரயப் பத்திரங்கள், அடமானங்கள், வியாபாரக் கடிதங்கள், கும்பெனி முத்திரைத் தாளில் எழுதிய ஒரு பாகப்பிரிவினை. பெரிய பெயர்கள் குறைவு, அதில் எனக்கு வருத்தமில்லை. அரசு அலுவலகக் கோப்பிலிருந்து நழுவி வந்ததாகத் தோன்றினால் வாங்கமாட்டேன். அதன் இடம் காப்பகம். எழுபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். நாம் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு வியாபாரிகள் இனிக்க இனிக்கக் கடிதம் எழுதினாலும் மறந்துவிடாதீர்கள். லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். பூச்சிக்கு நான் சரஸ்வதி மகாலின் பழைய முறையையே பின்பற்றுகிறேன். வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இடித்து, சூடம் சேர்த்து, துணிமுடிப்பாகத் தட்டின் மூலையில் வைக்கிறேன். இராமபாணப் பூச்சி இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

வாத்தியார் காலமாகிவிட்டார். அந்தத் துண்டை நான் மறுபடி ஆல்பத்தில் ஒட்டவில்லை. மோடிப் பக்கம் மேலே தெரியும்படி உறையில் வைத்திருக்கிறேன். தஞ்சையிலும் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் பழைய பேப்பர் கடை எதைக் கண்டாலும் இன்னும் நின்று கேட்கிறேன். தள்ளுவண்டியில் போன எல்லாத் தாளும் அரைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பொட்டலம் மடிக்க வளையாத தாள் என்று கடைக்காரரே சொன்னாரே. புத்தகத்துக்கு அட்டையாக, பெட்டிக்கு அடித்தாளாக, பரணில் எதற்காவது கீழே எங்கேனும் இருக்கலாம்.

உங்கள் கண்ணில் பட்டால் எழுதுங்கள். தடித்த பழுப்புத் தாள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு மோடி எழுத்து, மறுபக்கம் நாலைந்து வரி ஆங்கிலம். நடுவில் ஒன்பதுக்கு மூன்று சென்டிமீட்டரில் ஒரு சன்னல். ஆங்கிலம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், சன்னலின் வலது மேல் மூலையில் பிளேடு அளவுகோலைத் தாண்டி ஒரு நகக்கண் நீளம் ஓடியிருக்கும்.